போதையிலிருந்து மீள்பவன் திரும்பி வரும் ஒழுங்கை

போதைப்பொருளுக்கு எதிரான நடவடிக்கைகள் நம் நாட்டில் அலையலையாக வந்து போவது வழக்கம். 2019 ஜூன் மாதத்தில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்ற நால்வரின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதாக அறிவித்தார். 1976 இன் பின்னர் எவரும் தூக்கிலிடப்படாத இந்நாட்டில் அந்த முயற்சியை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவின் மூலம் நிறுத்தியது. 2023 டிசெம்பர் 17 ஆம் திகதி 'யுக்திய' நடவடிக்கை ஆரம்பமாயிற்று. முதல் மாதத்துக்குள்ளேயே 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் அதுபற்றிக் கவலை வெளியிட்டது. 2025 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தலைமையில் 'முழு நாடுமே ஒன்றாக' என்ற தேசிய வேலைத்திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது.

இந்த அலைகள் ஒவ்வொன்றின்போதும் பத்திரிகைகளில் வருவது ஒரே வகையான படம்தான். மேசை மீது அடுக்கப்பட்ட பொதிகள். அவற்றுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் இளைஞர்கள். அந்த இளைஞர்களில் பெரும்பாலானோர் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ தாங்கள் பிடிக்கப்பட்ட அதே ஒழுங்கைக்குத் திரும்பி வருகின்றனர். திரும்பி வரும் அந்த நாளைப் படம்பிடிக்க எவரும் செல்வதில்லை. பிரச்சினையின் முடிச்சு அந்த நாளில்தான் இருக்கின்றது என்பது நமது கருத்து. ஒரு மனிதனைப் பிடித்து அகற்றுவதற்கு வேண்டிய சட்டமும் படையும் கட்டடமும் நம்மிடம் தாராளமாக உள்ளன. அவனைத் திரும்ப ஏற்றுக்கொள்வதற்கோ அநேகமாக எதுவுமே இல்லை.

மருதானையை எடுத்துக்கொள்வோம். புகையிரத நிலையம், டெக்னிக்கல் சந்தி, பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகள், அப்பால் மாளிகாவத்தைத் தொடர்மாடிகள், இவற்றுக்கிடையே 'தோட்டம்' என்று பெயர் பெற்ற நெருக்கமான குடியிருப்புகள். 1892 இல் தோன்றிய ஸாஹிராக் கல்லூரியும் 1911 இல் திறக்கப்பட்ட டவர் மண்டபமும் இதே மண்ணின் அடையாளங்கள்தாம். முஸ்லிம்களும் மலாயரும் தமிழரும் சிங்களவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்ந்த இப்பிரதேசத்துக்குள் 1980 களின் தொடக்கத்தில் ஹெரோயின் நுழைந்தது. சிங்களத்தில் தூள் என்று பொருள்படும் 'குடு' என்ற சொல் தமிழ் பேசும் வீடுகளுக்குள்ளும் மொழிபெயர்க்கப்படாமலேயே குடிபுகுந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தகப்பன் பாவிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இன்று தானே தகப்பனாக இருக்கின்றான்.

இந்த நாற்பது ஆண்டுகளில் மருதானை, மாளிகாவத்தை என்ற முகவரிகளே ஒரு குற்றச்சாட்டாக மாறிவிட்டமை தனியான அநியாயம். தொழிலுக்கு விண்ணப்பிக்கும்போது உறவினரின் தெஹிவளை முகவரியைக் கொடுக்கும் பிள்ளைகள் இங்கு இருக்கின்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வாசகர்கள் இதனை மருதானைக்காரரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஹெரோயின் தோட்டங்களின் ஒடுங்கிய படிகளில் ஏறியது என்றால், 'ஐஸ்' என்ற மெதம்பெட்டமைன் வசதியான தொடர்மாடிகளின் லிப்டில் ஏறிச் செல்கின்றது. பிரீகாபலின் போன்ற வலிநிவாரண மாத்திரைகளோ பாடசாலை மாணவனின் சட்டைப் பைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

அடிமைத்தனம் என்றால் என்ன என்பதில் நம்மிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. அது ஒழுக்கக்கேடு, அடித்தால் திருந்தும் என்பது ஒன்று. அது நோய், மருந்து கொடுத்தால் மாறும் என்பது மற்றையது. இரண்டுமே பாதி உண்மைகள். பசி தீரும்போதும் பிள்ளையின் சிரிப்பைக் காணும்போதும் மூளையில் ஓர் இன்ப உணர்வை எழுப்பும் இரசாயனம் டோபமைன். போதைப்பொருள் அதனை இயல்பான அளவைவிடப் பன்மடங்கு பெருக்குகின்றது. மூளை இந்த வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கத் தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்கின்றது. விளைவாக அதே இன்பத்துக்கு மேலும் மேலும் அளவு கூட வேண்டியிருக்கின்றது. மறுபுறம் சாப்பாடு, விளையாட்டு, குடும்பம் எதுவுமே ருசிப்பதில்லை. ஒரு கட்டத்துக்குப் பின் அவன் இன்பத்துக்காகப் பாவிப்பதில்லை. பாவிக்காவிட்டால் வரும் துன்பத்துக்கு அஞ்சியே பாவிக்கின்றான். தாயின் காதணி அடகுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். தாயின் மீது பாசமற்றுப் போனதால் அவன் அதைச் செய்வதில்லை என்பதைத் தாய்மாருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் மூளையை மட்டும் குறைகூறி முடித்துவிடவும் இயலாது. வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கு ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தனர். 1971 இல் நாடு திரும்பியவர்களை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவ்வாறு அடிமையாகியிருந்தோரில் முதல் ஆண்டில் மீண்டும் அடிமைகளானோர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே இருந்தனர். ஹெரோயின் அதேதான், மூளையும் அதேதான். மாறியது இடமும் வாழ்க்கையுமாகும். போர்க்களத்தையும் அங்கு கூடப் பாவித்த சகாக்களையும் விட்டு, தொழிலும் குடும்பமும் காத்திருக்கும் ஊருக்கு அவர்கள் சென்றனர்.

மருதானை இளைஞனின் நிலை இதற்கு நேர்மாறானது. அவன் குணமடைவது வேறோர் ஊரில். திரும்பி வருவதோ நோய் பிடித்த அதே இடத்துக்கு. தூள் கைமாறும் மூலை, கூடப் பாவித்த நண்பனின் முச்சக்கரவண்டி, ஈயத்தாளின் மினுக்கம், மாலையில் சம்பளம் கைக்கு வரும் நேரம் ஆகிய ஒவ்வொன்றும் அவனது மூளைக்கு ஓர் அழைப்பு மணி. பல மாதங்கள் தொடாமல் இருந்தவனுக்கும் அந்த மணியோசை கேட்கவே செய்யும். மனவுறுதி இல்லாதவன் என்று அவனை ஏசுவோர், ஒவ்வொரு நாளும் பத்துத் தடவை அந்த மணியோசையைக் கேட்டும் நடந்து செல்வதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மீட்சி எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் சற்று விரிவாக நோக்குவோம். உடலிலிருந்து நஞ்சை அகற்றுதல் முதற்படி. ஹெரோயினைப் பொறுத்தவரை, கடைசியாகப் பாவித்து எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்களில் உடல் நோவு, வாந்தி, வயிற்றோட்டம், நடுக்கம், உறக்கமின்மை ஆகியன தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சம் பெற்று, ஒரு வாரம் பத்து நாட்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். காண்பதற்குக் கொடுமையானதாக இருப்பினும் ஆரோக்கியமான ஒருவருக்கு இதனால் உயிராபத்து நேர்வது அரிது. மதுவின் நிலை அவ்வாறானதல்ல. நீண்டகாலமாக அதிகம் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு மரணம் கூடச் சம்பவிக்கலாம். 'அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் மூன்று நாளில் சரியாகிவிடும்' என்று குடிகாரரைப் பூட்டி வைப்பது உயிருடன் விளையாடுவதாகும். அத்தகையோரை வைத்தியசாலையிலேயே சேர்க்க வேண்டும். ஐஸ் பாவித்தவரிடம் உடல் நோவு அவ்வளவாக இராது. நாட்கணக்கில் உறக்கம், கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், சிலரிடம் எவரோ தன்னைப் பின்தொடர்கின்றார் என்ற அச்சம் ஆகியன தோன்றும். அவனைத் தனியே விடலாகாது.

இந்த முதற்படியை முடித்தவுடன் 'பிள்ளை சுகமாகிவிட்டான்' என்று குடும்பம் மகிழ்கின்றது. உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகின்றது. உறக்கம் சீராகவும் மனநிலை சமநிலைக்கு வரவும் மாதங்கள் செல்லும். உளவளத்துணை, புதிய அன்றாட ஒழுங்கு, பழைய சகவாசத்துக்குப் பதிலாகப் புதிய சகவாசம் என்பன ஒரு வருடமேனும் தேவைப்படும். இடையில் வழுக்கி விழுதலும் நிகழும். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, போதை அடிமைத்தனத்தை நீரிழிவு, உயர் குருதியமுக்கம், ஆஸ்துமா ஆகியவற்றுடன் ஒப்பிட்டு, நோய் மீளத் தலையெடுக்கும் அளவு இவை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே தன்மையானது என்று காட்டியது. வட்டிலப்பம் சாப்பிட்டுச் சீனி கூடிய வாப்பாவை நாம் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. மறுபடி வைத்தியரிடம் கூட்டிச் செல்கின்றோம்.

வழுக்கி விழுதலில் ஓர் ஆபத்து உண்டு. அதனைக் குடும்பங்கள் அறிந்திருப்பது கட்டாயம். பல வாரங்கள் ஹெரோயினைத் தொடாதிருந்தவனின் உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகின்றது. சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வெளிவந்து பழைய அளவையே எடுப்பவன் மூச்சடங்கி இறந்துபோகலாம். விடுதலையான முதற்சில வாரங்களே அவனது வாழ்வில் மிக அபாயகரமான வாரங்கள் என்பது பல நாடுகளில் காணப்பட்ட உண்மை. நம் நாட்டில் அந்த வாரங்களில்தான் அவன் எவருடைய பொறுப்பிலும் இல்லாதவனாக விடப்படுகின்றான்.

அரசின் ஏற்பாடுகள் இதற்கு எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கின்றன? 1984 ஆம் ஆண்டில் இரு காரியங்கள் நடந்தன. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அதே ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு, இரண்டு கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருத்தல் மரண தண்டனைக்கோ ஆயுட்காலச் சிறைத் தண்டனைக்கோ உரிய குற்றமாக்கப்பட்டது. 2022 திருத்தம் ஐந்து கிராம் ஐஸையும் அந்த வரிசையில் சேர்த்தது. சிகிச்சைக்கென ஒரு சட்டம் 2007 இலேயே வந்தது. அடிமையானவர் சுயவிருப்பின் பேரிலோ நீதவானின் கட்டளையின் பேரிலோ சிகிச்சை பெற அச்சட்டம் வழிசெய்கின்றது. தண்டனைச் சட்டத்துக்கும் சிகிச்சைச் சட்டத்துக்கும் இடையிலான இருபத்து மூன்று ஆண்டுகள் நம் முன்னுரிமை எதுவென்பதைக் காட்டுகின்றன.

சிறைகளில் கொள்ளளவைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடக்கின்றனர். தண்டனை பெற்று உள்ளே செல்வோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் குற்றங்களுக்காகச் செல்வோர். இவர்களில் பலர் அபராதம் கட்ட வழியின்றியே தண்டனை அனுபவிக்கின்றனர். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருப்போர் வேறு. வியாபாரியும் பாவனையாளனும் ஒரே கூண்டில் அடைக்கப்படும்போது, பாவனையாளன் வெளியே வரும்போது கொண்டுவருவது சில புதிய தொடர்புகளை மட்டுமே.

புனர்வாழ்வின் கதையும் மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூன் மாத இறுதியில் ஒருவர் உயிரிழந்ததை அடுத்து மோதல் வெடித்தது. 600 க்கும் மேற்பட்டோர் தப்பியோடினர். மரணம் தொடர்பில் படையினர் சிலர் கைது செய்யப்பட்டனர். ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடுவார்களாயின், அங்கு நடந்தது சிகிச்சைதானா என்று கேட்க வேண்டியுள்ளது. அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முன்னாள் போராளிகளையும் வன்முறைத் தீவிரவாதக் குழுக்களையும் போதைக்கு அடிமையானோரையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. அவ்வடிவில் அது அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. திருத்தங்களின் பின் 2023 இல் அது சட்டமாகியது. தமிழ் முஸ்லிம் மக்களுக்குப் புனர்வாழ்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் எழும் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பழைய பட்டியலே சொல்லும். தன் மகனைத் தானே ஒப்படைக்கத் தாய் தயங்குவதை அறியாமை என்று கூறிவிட முடியாது.

மொழியும் ஒரு தடைச்சுவராக நிற்கின்றது. உளவளத்துணை என்பது ஊசி போடுவது போன்றதல்ல. அதன் மருந்து பேச்சு. வெட்கத்தையும் குற்ற உணர்வையும் சிறுவயதில் நேர்ந்த கொடுமையையும் ஒருவன் இரண்டாம் மொழியில் திறந்து சொல்லமாட்டான். தலங்கமையிலும் கண்டியிலும் காலியிலும் சபையின் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. கொழும்பு ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர பல்லாண்டுகளாகப் பகல்நேரச் சேவை வழங்கி வந்துள்ளது. சபையின் 1927 தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆயினும் தமிழில் ஆற அமரப் பேசக்கூடிய பயிற்சி பெற்ற துணையாளர் தேவைக்கேற்ப இல்லை என்ற குறை இத்துறையிலும் இருக்கவே செய்கின்றது. நம் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியில் நிற்கும் நாட்டில் இது ஒரு விசித்திரமான பற்றாக்குறை.

அரசை மட்டும் குறைகூறிவிட்டு நம் வீடுகளைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. விஷயம் தெரிந்தவுடன் நாம் முதலில் செய்வது மறைப்பது. தங்கைக்கு வரன் பார்க்கும் காலம், நாலு பேருக்குத் தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று ஒன்று இரண்டு ஆண்டுகள் மூடி மறைக்கின்றோம். சிகிச்சை எளிதாக இருக்கக்கூடிய ஆண்டுகள் அவைதான். அடுத்து, 'கலியாணம் முடித்து வைத்தால் பொறுப்பு வந்துவிடும்' என்று ஓர் அப்பாவிப் பெண்ணை மருந்தாகப் பயன்படுத்துகின்றோம். ஒரு நோயாளி இருந்த வீட்டில் இருவர் நோயாளிகளாவதே இதன் பலன். மூன்றாவது வழி வெளிநாடு. கட்டாருக்கோ சவூதிக்கோ அனுப்பிவிட்டால் அங்கே கிடைக்காது என்ற நம்பிக்கை. இடமாற்றம் பயனளிக்கும் என்பதற்கு வியட்நாம் சிப்பாய்களின் கதையே சான்று என வாதிக்கலாம். ஆனால் அவர்கள் திரும்பியது தங்கள் குடும்பத்திடம். இவனோ தனிமைக்கு அனுப்பப்படுகின்றான். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து கையில் காசுடன் வந்திறங்குவது மறுபடியும் அதே மூலைக்கு.

தடை சொல்வதில் நம் மரபுகள் எதுவும் குறைவைக்கவில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. குர்ஆனில் மதுவுக்கான தடை மூன்று கட்டங்களாக இறங்கி முழுமை பெற்றதாக அறிஞர்கள் விளக்குவர். இன்று சட்டத்தில் சலுகை தேடுவதற்காக நாம் இதனைக் குறிப்பிடவில்லை. ஒரு சமூகத்தையே மாற்றுவதற்குக் காலம் அளிக்கப்பட்ட வரலாற்றைப் படித்தவர்கள், ஓர் இளைஞன் ஒரே நாளில் மாறவில்லை என்று அவனைக் கைகழுவிவிடுவது பொருந்துமா என்று கேட்கின்றோம். ஜும்ஆப் பிரசங்கத்திலும் கோவில் திருவிழா மேடையிலும் போதையின் தீமை பேசப்படுகின்றது, நல்லதுதான். விட்டவன் பள்ளிவாசலுக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவர் தன் செருப்பையும் கைத்தொலைபேசியையும் பார்த்துக்கொள்கின்றாரே, அது யாருடைய பிரசங்கத்தில் வருகின்றது?

ஏற்கும் இடத்தை உருவாக்குவது இயலாத காரியமன்று. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980 இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவ நிலையம், குடிநோயாளிகளுக்குத் தமிழிலேயே சிகிச்சை அளித்து, மனைவியரையும் பெற்றோரையும் சிகிச்சையின் ஓர் அங்கமாகச் சேர்த்துக்கொண்டது. அத்துடன் நில்லாமல் காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் அமைத்து, இரு வார அளவிலான சிகிச்சையின் பின்னும் ஊரவரின் துணையுடன் தொடர் கவனிப்பை நடத்தியது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்தெடுப்பதற்குப் பதிலாக ஊரையே சிகிச்சைக்குள் கொண்டுவந்தமையே அதில் நாம் கவனிக்க வேண்டிய அம்சம். மருதானையில் இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பள்ளிவாசலின் மேல்மாடியோ ஆலய அன்னதான மண்டபமோ பாடசாலை வகுப்பறையோ மாலையில் இரண்டு மணித்தியாலம் திறந்திருந்தால் போதும். விட்டவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் முறை உலகெங்கும் பல தசாப்தங்களாக நடந்துவரும் ஒன்று. அதற்குச் செலவும் பெரிதாக இல்லை.

தொழில் விடயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. திருந்தி வந்தவனுக்கு உதவ விரும்பும் தனவந்தர்கள், ஸகாத் நிதியிலிருந்தோ நன்கொடையிலிருந்தோ முச்சக்கரவண்டி எடுத்துக் கொடுப்பதும், புறக்கோட்டையில் நாட்டாமை வேலைக்குச் சேர்த்துவிடுவதும் வழக்கம். நோக்கம் மேலானது. ஆனால் இரண்டிலும் ஒவ்வொரு மாலையும் கையில் காசு சேர்கின்றது. இரண்டிலும் பழைய மூலைகளைக் கடந்தே வீடு செல்ல வேண்டியுள்ளது. முதல் ஒரு வருடத்துக்கு மாதச் சம்பளமாக, அவனது சம்மதத்துடன் தாயிடமோ மனைவியிடமோ சேரும் வகையில், வேறொரு பகுதியில் உள்ள கடையிலோ களஞ்சியத்திலோ வேலை கிடைக்குமாயின் அதுவே பெரும் பாதுகாப்பு. பஞ்சிகாவத்தை வர்த்தகர்களுக்குத் தெஹிவளையிலும் வத்தளையிலும் கிளைகளும் கூட்டாளிகளும் உண்டு. அங்கு வருடத்துக்கு இருவர் மூவருக்கு இடம் ஒதுக்குவதென்றால், அதற்கு எந்தச் சட்டமூலமும் பாராளுமன்றத்தில் நிறைவேற வேண்டியதில்லை.